சோப்பு மெஷினுக்குப் பெண் வாடை ஆகாதாம்!

சோப்புத் தொழிற்சாலை வாசலில் காலை ஏழு மணிக்கே நிற்க இடமில்லை. வேலைக்கு வந்தவர்கள் பாதி, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மீதி. எதிர்க்கடை முடிதிருத்துபவர் ஒரு பக்கக் கன்னத்தை மட்டும் வழித்துவிட்டு ஓடி வந்திருந்தார். அரைச் சவர முகத்தோடு அவருடைய வாடிக்கையாளரும் பின்னாலேயே வந்துவிட்டார். வருகிறவர் அதிர்வு அய்யா என்றால் சும்மாவா!

யார் இந்த அதிர்வு அய்யா? மனிதருக்குள் ஓடும் அதிர்வையும் மெஷினுக்குள் ஓடும் அதிர்வையும் ஒப்பிட்டு, இது அதற்கு ஒத்துவருமா வராதா என்று மூன்றே விநாடியில் சொல்லிவிடும் மேதை. எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் "மலையில்" என்பார். எந்த மலை என்று கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார். கண்ணை மூடிய பெரிய மனிதரிடம் மேற்கொண்டு கேள்வி கேட்பது நாகரிகம் இல்லையே, அதனால் யாரும் கேட்டதில்லை. மந்திரம் என்று சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள், விஞ்ஞானம் என்று சொன்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் வெள்ளைக் கோட்டு மாட்டியிருந்தார். கோட்டுப் பையில் நான்கு பேனா. ஒன்றிலும் மை இருந்ததாகத் தகவல் இல்லை.

அவருடைய கண்டுபிடிப்பைக் கேளுங்கள். லாரி, கிரேன், கடைசல் மெஷின், அச்சு மெஷின் இவற்றுக்கெல்லாம் பெண்களின் அதிர்வு ஆகவே ஆகாதாம். ஆனால் மிக்ஸி, துணி துவைக்கும் மெஷின், இஸ்திரிப் பெட்டி மூன்றுக்கும் பெண்கள் என்றால் உயிராம். மெஷின்களுக்கு எவ்வளவு நல்ல புத்தி பாருங்கள்! சம்பளம் வரும் மெஷின் எல்லாம் ஆண்களைக் கேட்கிறது. சம்பளம் வராத மெஷின் எல்லாம் பெண்களைக் கேட்கிறது.

இந்த மேதைக்குச் சோப்புத் தொழிற்சாலையில் என்ன வேலை? அதைச் சொல்ல ஸ்பேனர் அக்காவிலிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்பேனர் அக்காவுக்குப் பேக்கிங் பிரிவில் வேலை. பதினோரு வருடமாகச் சோப்பைத் தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிறாள். ஏப்ரன் பையில் எப்போதும் ஒரு ஸ்பேனர் இருக்கும், அதனால்தான் அந்தப் பெயர். பேக்கிங் மேஜைக்கு நேர் எதிரே முத்திரை மெஷின் நிற்கிறது. வெட்டி வரும் சோப்புத் துண்டின் மேல் தாமரைப் பூவை அழுத்துகிற மெஷின் அது. அச்சு சூடேறினால் சோப்பு ஒட்டிக்கொள்ளும், பூ சப்பையாகிவிடும். அப்போது மெஷினின் சத்தம் மாறுவதை மெஷின் ஓட்டுபவரே கவனிக்காதபோது, இங்கே சோப்பு சுற்றிக்கொண்டே அவள் குரல் கொடுப்பாள்: "அண்ணே, அச்சைக் குளிர வைங்க!" ஓட்டுபவர் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் மெஷின் அவள் கையில்தான் ஓடியது. அது எல்லோருக்கும் தெரியும். எந்த ஏட்டிலும் கிடையாது.

அந்த ஆபரேட்டர் ஓய்வு பெற்றுப் போனார். இடம் காலி. ஸ்பேனர் அக்கா விண்ணப்பம் கொடுத்தாள். அவ்வளவுதான், தொழிற்சாலையே ஒரு நிமிடம் மூச்சை நிறுத்தியது.

சூப்பர்வைசருக்குத் தூக்கமே போய்விட்டது. அந்த இடத்துக்கு அவர் தன் மச்சினனை நினைத்து வைத்திருந்தார். மச்சினன் தங்கமான பிள்ளை, மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது ஒன்றுதான் குறை. முதல் நாள் மெஷினைக் காட்டியபோது அவசர நிறுத்தப் பொத்தானை அழைப்பு மணி என்று நினைத்து அழுத்திவிட்டு, யார் வருகிறார்கள் என்று வாசலைப் பார்த்தவன் அவன்.

அந்த வாரமே மெஷினின் சங்கிலி கழன்றது. சங்கிலிக்கு எண்ணெய் விட வேண்டியது சூப்பர்வைசர். விடவில்லை. ஆனால் அன்று ஸ்பேனர் அக்கா மெஷினை ஓட்டிக் காட்டிய நாள். சூப்பர்வைசர் முதலாளியிடம் ஓடினார்.

"சார், பொம்பளை கை பட்டுச்சு, மெஷின் கோவிச்சுக்கிச்சு. நாம ஒரு நிபுணரைக் கூப்பிட்டுப் பாத்துடலாம் சார்."

முதலாளி கெட்டவர் இல்லை. யோசிக்கச் சோம்பல்படுபவர். தமக்குப் பதிலாக ஒரு பெட்டி யோசிக்கும் என்றால் அவருக்கு நிம்மதிதானே!

அதிர்வு அய்யாவோடு பெட்டி வந்தது. தேக்குப் பெட்டி. மேலே ஒரு பித்தளைப் பிடி, முகப்பில் ஒரு பச்சை பல்பு, ஒரு சிவப்பு பல்பு. பெட்டியிலிருந்து ஒரு ஒயர் போய் மெஷினின் உடம்பைக் கவ்வியது. "மெஷினோட நாடியைப் பிடிக்கிறேன்" என்றார் அதிர்வு அய்யா. மெஷினோடு சேர்ந்த இரும்புப் படியில் ஏறி நின்று, பெட்டியின் பித்தளைப் பிடியைப் பற்ற வேண்டும். ஒத்துவந்தால் பச்சை. ஒத்துவராவிட்டால் சிவப்பு, கூடவே 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம்.

முதலில் மெஷின் பிரிவு ஆண்கள் ஏறினார்கள். பச்சை. பச்சை. பச்சை. மச்சினன் ஏறினான், பச்சை. சூப்பர்வைசர் கை தட்டினார்.

பிறகு பேக்கிங் பெண்கள். சிவப்பு, கர்ர்ர். சிவப்பு, கர்ர்ர். இருபத்திரண்டு பெண்களுக்கும் சிவப்பு. ஸ்பேனர் அக்காவுக்குச் சிவப்பு கொஞ்சம் பிரகாசமாகவே எரிந்தது என்று சூப்பர்வைசர் பிறகு பல பேரிடம் சொன்னார்.

ஆபீசில் தட்டச்சு செய்யும் அம்மா ஆசைப்பட்டு வந்தாள். அதிர்வு அய்யா அவளுடைய காலைப் பார்த்தார்.

"ஷூவைக் கழட்டும்மா. பெண்கள் பூமியை நேரா தொடணும். அப்பதான் அதிர்வு தெளிவா வரும்."

"அப்ப அவங்க எல்லாம் பூட்ஸோட ஏறினாங்களே?"

"அவங்களுக்குப் பாதுகாப்பு விதி இருக்கும்மா. விதியை மீறலாமா?"

தட்டச்சு அம்மா கழற்றினாள். சிவப்பு, கர்ர்ர்.

கூட்டத்துக்கு ஒரே வியப்பு. அதைவிட வியப்பு, அய்யாவின் பணிவு. அவர் யாரையும் நேருக்கு நேர் பார்ப்பதில்லை. ஒவ்வொருவர் வரும்போதும் முதலில் குனிந்து அவர்கள் காலைத்தான் பார்க்கிறார்! "பெரியவங்க பெரியவங்கதான். நம்ம காலைப் பாத்துட்டுத்தான் முகத்தைப் பாக்குறார்" என்று முடிதிருத்துபவர் கண் கலங்கினார்.

அப்போதுதான் கேன்டீன்காரர் வரிசையில் நுழைந்தார். அன்று காலை பால் கொட்டி அவருடைய செருப்பெல்லாம் நனைந்து, வெறுங்காலோடு இருந்தார். அதிர்வு அய்யா குனிந்தார். காலைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"உங்களுக்குச் சோதனையே வேண்டாம். உங்க முகத்துலயே பச்சை தெரியுது."

எல்லோரும் சிரித்தார்கள். கேன்டீன்காரர் பூரித்துப்போனார். ஸ்பேனர் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கேன்டீன்காரரின் முகத்தை அவள் பதினோரு வருடமாகப் பார்க்கிறாள், அதில் பச்சை எதுவும் தெரிந்ததில்லை.

ஊர் ஒரே வாரத்தில் தலைகீழாகிவிட்டது. அய்யா 'ஒத்திசைவு வளையம்' விற்க ஆரம்பித்தார். பெண்கள் அதைக் கையில் அணிந்தால் அதிர்வு அடங்கி, ஆறு மாதத்தில் சிவப்பு பல்பு மஞ்சளாகுமாம். பெட்டியில் மஞ்சள் பல்பே இல்லையே என்று ஒருவரும் கேட்கவில்லை. ஸ்கூட்டர் கற்றுக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்தினார்கள். கணினி வகுப்பில் சேர்ந்த மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தகப்பன் வந்தார்; "கம்ப்யூட்டருக்கு ஏதாவது ஆயிடப்போகுது அய்யா" என்று கம்ப்யூட்டருக்காகக் கவலைப்பட்டார். மகளுக்கு என்ன ஆகும் என்ற கவலை அவருக்கு வரவில்லை.

திங்கட்கிழமை முதலாளி முன்னிலையில் கடைசிச் சோதனை, அன்றே ஆபரேட்டர் யார் என்று அறிவிப்பு என்று பலகையில் எழுதிப் போட்டார்கள். யாருக்குப் பச்சை எரியும் என்பது பலகையில் எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை மாலை ஸ்பேனர் அக்கா வீடு திரும்பியபோது கணவன் வாசலிலேயே காத்திருந்தான். அவன் ஒரு கிடங்கில் காவலாளி. உள்ளங்கையை விரித்தான். ஒரு வளையம்.

"ரெண்டு தடவை வரிசையில நின்னுதான் கிடைச்சுது. என்னா கூட்டம்ங்கிற! போட்டுக்க."

"எதுக்குங்க?"

"எல்லாரும் போட்டுக்குறாங்கல்ல. போட்டா நஷ்டமா?"

"போட்டா நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ங்க."

அவன் தலையைச் சொறிந்தான். வாதம் செய்வது அவனுக்கு வராது, அது அவனுடைய நல்ல குணங்களில் ஒன்று.

பள்ளியிலிருந்து வந்த மகள் புத்தகப் பையை இறக்காமலே கேட்டாள். "அம்மா, ஒர்க்‌ஷாப் வகுப்புல பசங்க என்னை டிரில்லைத் தொடவே விடலம்மா. உனக்கே சிவப்பாம், எனக்கும் சிவப்புதானாம். நிஜமாம்மா?"

ஸ்பேனர் அக்கா மகளின் தோளிலிருந்து பையை இறக்கினாள். தனக்கு வேலை கிடைக்காமல் போவதை எப்படியாவது விழுங்கிக்கொள்ளலாம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். இதை விழுங்க முடியாது. மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தவள், கதவோரம் கிடந்த கணவனின் காவல் பூட்ஸைப் பார்த்து நின்றுவிட்டாள். கட்டை ரப்பர் அடி, இரண்டு விரல் கனம்.

"ஏங்க, எலக்ட்ரீசியன் ஏன் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கிறார்?"

"இது தெரியாதா? ஷாக் அடிக்காம இருக்க. கரண்ட் உடம்பு வழியா தரைக்குப் போகாது."

"எங்க ஃபேக்டரியில யார் யாருக்கு பூட்ஸ் குடுத்திருக்காங்க?"

"மெஷின்காரங்களுக்கு."

"எங்களுக்கு?"

"உங்களுக்கு எங்க குடுத்தாங்க? சோப்புத் தரையில செருப்பு வழுக்குதுன்னு வெறுங்காலோடதானே..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான்.

"அந்தாளு ஏன் எல்லாரோட காலையும் பாக்குறார்னு இப்பப் புரியுதா? உங்க பூட்ஸைத் திங்கட்கிழமை ஒரு நாள் எனக்குக் குடுங்க."

"அடி, உனக்கு ரெண்டு சைஸ் பெருசு!"

"துணி அடைச்சுக்கிறேன்."

திங்கட்கிழமை ஸ்பேனர் அக்கா 'டக் டக்' என்று நடந்து வந்ததைப் பார்த்துப் பேக்கிங் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பூட்ஸ் ஒரு திசையிலும் கால் ஒரு திசையிலும் போயின. கூட்டம் முந்தைய வாரத்தைவிட இரண்டு மடங்கு. முதலாளி நாற்காலியில், பக்கத்தில் சூப்பர்வைசர், அவருக்குப் பக்கத்தில் புதுச் சட்டையில் மச்சினன்.

அதிர்வு அய்யா வழக்கப்படி குனிந்தார். முகம் சுருங்கியது.

"பெண்கள் பாதணியைக் கழட்டணும்னு சொல்லியிருக்கேனே."

"கழட்டிடறேங்க அய்யா. ஆனா ஒரு சின்னச் சந்தேகம். மெஷின்கிட்ட நிக்கிறவங்க பூட்ஸ் போடணும்னு விதின்னு நீங்கதானே சொன்னீங்க? நான் நிக்கப் போறது மெஷின்கிட்டதானே?"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது சரிதானே? போட்டுக்கிட்டே ஏறட்டும்" என்றார்.

அய்யா கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் இந்த முறை கண்ணை மூடியதால் கேள்வி போகவில்லை. ஸ்பேனர் அக்கா இரும்புப் படியில் ஏறிப் பித்தளைப் பிடியைப் பற்றினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. பச்சை!

பேக்கிங் பெண்கள் போட்ட கூச்சலில் வாசலில் நின்ற லாரிக்காரர் என்னவோ ஏதோ என்று பிரேக் போட்டார்.

"வளையம் வேலை செஞ்சிருக்கு!" என்று அய்யா சட்டென்று பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா, ஒரே வாரத்துல!"

ஸ்பேனர் அக்கா இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். கையில் வளையம் இல்லை.

"அப்ப... அது... உன் உடம்புல ஆண் அதிர்வு கொஞ்சம் தூக்கலா இருக்கும்மா. லட்சத்துல ஒருத்தருக்கு அப்படி அமையும்."

"அப்படிங்களா? அப்ப ஆம்பளைங்கள்ல யாருக்காவது பெண் அதிர்வு இருக்கான்னும் பாத்துடலாமே. சார், நீங்க பூட்ஸைக் கழட்டிட்டு ஒரு தடவை ஏறுங்க."

சூப்பர்வைசர் ஓரடி பின்னால் நகர்ந்தார். "நான் எதுக்கு? விதி..."

"நான் ஏறுறேன்யா" என்றார் முதலாளி. அவருக்கு முதன்முறையாகத் தம் தொழிற்சாலையில் சுவாரசியம் தட்டியிருந்தது. ஷூவைக் கழற்றினார். காலுறையைக் கழற்றினார். வேட்டை நாய் மோப்பம் பிடிப்பது போல எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். அவர் படியில் ஏறிப் பிடியைப் பற்றினார்.

சிவப்பு. கர்ர்ர்!

தம் பணத்தில் வாங்கிய மெஷின், தம்மையே வேண்டாம் என்கிறது! முதலாளியின் முகம் பல்பைவிடச் சிவந்தது.

"சார், உங்களுக்கு இன்னைக்கு கொஞ்சம் பெண் அதிர்வு ஏறியிருக்கு. ஒரு வளையம் போட்டா..." என்று ஆரம்பித்த அய்யாவுக்கு, கூட்டத்தின் சிரிப்பில் மீதி வார்த்தைகள் கிடைக்கவில்லை.

அதன் பிறகு விடுவார்களா? சூப்பர்வைசரின் பூட்ஸை நான்கு பேர் சேர்ந்து கழற்றினார்கள். சிவப்பு. மச்சினன் தானாகவே கழற்றினான், சிவப்பு. அவனுக்கு அது பிடித்துப்போய், போட்டும் கழற்றியும் மூன்று தடவை ஏறி இறங்கினான். கழற்றினால் சிவப்பு, போட்டால் பச்சை. "ஏய், நான் ஒரு தடவை ஆம்பளை, ஒரு தடவை பொம்பளை!" என்று சந்தோஷமாகக் கத்தினான். முகத்திலேயே பச்சை தெரிந்த கேன்டீன்காரர் வெறுங்காலோடு ஏறினார். சிவப்பு எரிந்தது. அவருக்குத்தான் மிகுந்த வருத்தம்.

ஸ்பேனர் அக்கா மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்தாள். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, அதன் ஒரு முனையை இரும்புப் படியில் ஊன்றி, மறு முனையைப் பித்தளைப் பிடியில் சாய்த்தாள். சிவப்பு, கர்ர்ர்.

"அய்யா, இந்தக் கடப்பாரை ஆம்பளையா, பொம்பளையா?"

பிறகு ஒரு துடைப்பத்தை எடுத்தாள். காய்ந்த மரக்கம்பு. அதையும் அதே போல் சாய்த்தாள். பச்சை.

"சார், துடைப்பம் பாஸ். ஆபரேட்டர் வேலையை இதுக்கே குடுத்துடலாமா?"

முதலாளிக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. ஸ்பேனர் அக்கா பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துப் பெட்டியின் பின்பலகையைக் கழற்றினாள். உள்ளே நான்கு பேட்டரி, ஒரு மணி, கொஞ்சம் ஒயர். மலையும் இல்லை, அதிர்வும் இல்லை.

"இவ்வளவுதாங்க. பிடியைத் தொட்டா கரண்டு உடம்பு வழியா காலுக்கு வந்து, இரும்புப் படி வழியா மெஷினுக்குப் போய், அந்த ஒயர்ல திரும்பிப் பெட்டிக்கு வந்துடும். உடனே சிவப்பு. ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தா கரண்டு போக வழியில்ல. மூணு விநாடி பாத்துட்டுப் பச்சை எரியும். இந்தப் பெட்டிக்கு ஆம்பளை பொம்பளை எல்லாம் தெரியாதுங்க. யாருக்கு பூட்ஸ் குடுத்தீங்க, யாருக்குக் குடுக்கலைங்கிறது மட்டும்தான் தெரியும்."

சட்டென்று சத்தம் அடங்கியது. இருபத்திரண்டு பெண்களும் குனிந்து தங்கள் காலைப் பார்த்தார்கள். சோப்புக் காரத்தில் வெடித்த கால்கள். இத்தனை வருடமாக அந்தக் கால்களைக் கூர்ந்து பார்த்த ஒரே ஆண், ஏமாற்ற வந்தவன்தான்.

இந்த அமைதியில் அதிர்வு அய்யா மெல்லப் பின்கதவுப் பக்கம் நகர்ந்தார். பேக்கிங் பிரிவு வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம் என்று கணக்குப் போட்டவர், அது சோப்புத் தரை என்பதை மறந்துவிட்டார். பளபளப்பான ஷூ வழுக்கி, ஒரு கோடியில் விழுந்து மறு கோடிவரை உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். அங்கே வளையம் வாங்கிய பெண்கள் காத்திருந்தார்கள். அடிக்கவில்லை. கோட்டுப் பையைக் கவிழ்த்துப் பணத்தை வாங்கிக்கொண்டு, வளையங்களை எல்லாம் அவர் கையிலேயே மாட்டி அனுப்பினார்கள். இரண்டு கையும் முழங்கை வரை வளையமாக அவர் நடந்து போனதை ஊர் வாசல் வாசலாக நின்று பார்த்தது.

முடிதிருத்துபவர், "எனக்கு அப்பவே சந்தேகம்" என்றார். ஏமாந்த ஊரில் அப்படிச் சொல்லாதவர் யார்?

முதலாளி காலுறையை மாட்டிக்கொண்டே ஸ்பேனர் அக்காவைப் பார்த்தார். "மெஷினை ஓட்டும்மா, பாக்கலாம்." அவள் ஓட்டினாள். நூறு சோப்பு வந்து விழுந்தது. நூறிலும் பூ முழுசாக இருந்தது. மச்சினனை ஓட்டச் சொன்னார். அவன் நேர்மையான பிள்ளை, "எனக்குத் தெரியாதுங்க" என்றான்.

"நாளையிலேர்ந்து நீதான் ஆபரேட்டர்" என்றார் முதலாளி.

"சரிங்க சார். பேக்கிங்ல எல்லாருக்கும் பூட்ஸ்?"

"அதுவும் வாங்கிடலாம்."

"வாங்கிடலாம்னா எப்ப சார்?"

"இந்த வாரமே வாங்கிடறேம்மா!"

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது சூப்பர்வைசர் வெறுங்காலோடு வந்து, முணுமுணுப்பும் முறையீடுமாக ஒன்று சொன்னார். "பெட்டி பொய்தான் சார், நான் இல்லைங்கல. இருந்தாலும், மெஷினைப் போய் ஒரு பொம்பளை கையில..."

ஸ்பேனர் அக்கா மெஷினை நிறுத்தினாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்றே நிறுத்தினாள்.

"இந்தப் பெட்டி வந்து ஒரு வாரம்தான் சார் ஆகுது. அதுக்கு முன்னாடி பதினோரு வருஷமா இந்த வேலைக்கு என் பேரை யாரும் எழுதல. அப்ப எந்த பல்பு எரிஞ்சுது?"

சூப்பர்வைசர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி முடிதிருத்துபவரைப் பார்த்தார். முடிதிருத்துபவர் கூரையைப் பார்த்தார். அங்கே பல்பு எதுவும் இல்லை.

அது எங்கே எரிகிறது என்று நான் சொல்கிறேன். அதற்கு ஒயர் கிடையாது, பேட்டரி கிடையாது, கழற்றிப் பார்க்கப் பின்பலகையும் கிடையாது. நம் மண்டைக்குள் எரிகிறது. மகளைப் பார்த்து "இது உனக்கு ஒத்துவராது" என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் எரிகிறது. அதை அணைக்க எந்த அய்யாவும் மலையிலிருந்து இறங்கி வர வேண்டாம். மண்டைக்குள் அந்த பல்பைத் தவிர இன்னொரு பொருளும் இருக்கிறது. வாங்கி வந்த நாளிலிருந்து பிரிக்காமல் வைத்திருந்தால், இன்றைக்காவது பிரித்து எடுத்துப் பயன்படுத்துங்கள்.